கொசுறாகக் கொடுத்த கிலுகிலுப்பை

உங்கள் தாத்தாவுடைய தாத்தாவுக்குப் பால்பல்கூட முளைக்காத காலம் அது. கடலோரத்தில் நண்டுக்கரை என்று ஓர் ஊர். ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு ராணி, ராணிக்குத் தவமிருந்து பிறந்த ஒரே ஒரு பிள்ளை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதையில் சின்னப் பிள்ளைகள் வருவார்கள். எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஆகாது. அதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்கே கதை சொல்ல வராது.

அந்த ஊரில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாயாண்டி உப்பளத்தில் உப்பு வாருகிறவன். வெயில் அடித்தால் உப்பு விளையும், உப்பு விளைந்தால் கூலி வரும், கூலி வந்தால் அடுப்பு எரியும். மழை பிடித்துக்கொண்டால் மூன்றும் நின்றுபோகும். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் பேச்சி. பெயர்தான் பேச்சி, பேச்சு இன்னும் வரவில்லை. தவழுவாள், சிரிப்பாள், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுவாள்.

மழைக்காலத்தில் அடுப்பு எரிவதற்காகப் பவளாயி ஓலைப்பெட்டி முடைந்து சந்தையில் விற்றாள். பனங்குருத்தை வகிர்ந்து, சாயம் ஏற்றி, மூடி போட்ட பெட்டியாக முடைவாள். வெற்றிலை வைக்க ஒன்று, பூ வைக்க ஒன்று, பிள்ளைத்துணி வைக்க ஒன்று என்று விதவிதமாகச் செய்வாள். பெட்டி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊர்ச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. என்ன வாங்கினாலும், விலை பேசி முடித்து, காசைக் கொடுத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டே நிற்பார்கள்.

"கொசுறு?" என்பார்கள்.

கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. மீன் வாங்கினால் இரண்டு சென்னாக்குன்னி இறால் கொசுறு. ஓலைப்பெட்டிக்கு என்ன கொசுறு கொடுப்பது? பவளாயி யோசித்தாள். மிச்சம் விழுந்த ஓலை நறுக்கை எடுத்து, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கூடு முடைந்து, உள்ளே ஏழு புளியங்கொட்டை போட்டு, கைப்பிடி வைத்தாள். ஆட்டினால் கிலுகிலு என்றது. ஏழு கொட்டை போட்டால்தான் சத்தம் சரியாக வரும். ஆறு போட்டால் சோகம், எட்டு போட்டால் அடைசல். முதலில் செய்ததைத் தன் மகள் கையில் கொடுத்தாள். மற்றதையெல்லாம் கொசுறாகக் கொடுத்தாள்.

பக்கத்தில் முறம் விற்கிற கோப்பாயிக்கு வயிறு எரிந்தது.

"ஏளா பவளாயி, ஜனங்க உன் பெட்டிக்கு வருதா, கொசுறுக்கு வருதா?" என்று கேட்டாள்.

"எதுக்கு வந்தா என்ன அக்கா, வருதுல்ல?" என்று பவளாயி சிரித்தாள்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. பானையில் கேழ்வரகு தீர்ந்தது. சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டையை ஒருநாள் வறுத்து, ஊறவைத்து, அதையும் தின்று தீர்த்தார்கள். மறுநாள் சந்தை. கூடு முடைந்தாயிற்று, உள்ளே போடக் கொட்டை இல்லை.

வேலியைப் பார்த்தாள். வேலியில் குன்றிமணிக் கொடி காய்த்து வெடித்திருந்தது. சிவப்பு உடம்பு, கறுப்புப் பொட்டு. தட்டான் பொன் நிறுக்கிற மணி, பிள்ளையாருக்குக் கண் வைக்கிற மணி. பார்க்க எத்தனை அழகு! மூன்று கூடு இருந்தது. கூட்டுக்கு ஏழு போட்டாள். ஓலை இடுக்கில் சிவப்பு தெரிந்தது, சத்தமும் புளியங்கொட்டையைவிட எடுப்பாகக் கேட்டது. இவ்வளவு நல்லதை நம் பேச்சிக்கு இல்லாமல் கொசுறாகக் கொடுக்கிறோமே என்றுகூட நினைத்தாள்.

அன்றைய சந்தையில் மூன்று பெட்டி விற்றது. ஒன்றைச் செக்கடி உடையாள் வாங்கினாள். ஒன்றைக் குயவர் தெரு மருதாயி வாங்கினாள். ஒன்றை அரண்மனைப் பணிப்பெண் அரங்கி வாங்கினாள். மூன்று பேரும் கையை நீட்டினார்கள். மூன்று கிலுகிலுப்பையும் போயிற்று.

மறுநாள் காலையில் மாயாண்டி முகம் வாடி வந்தான். ஆடு மேய்க்கிற கீதாரியின் ஆட்டுக்கிடையில் வேலை கேட்கப் போனவன் அவன்.

"வேலை இல்லை. அங்கே ஒரு குட்டி செத்துக் கிடக்கு. குன்றிமணியைக் கடிச்சுத் தின்னுருக்கு. முழுசா முழுங்கினா ஒண்ணும் பண்ணாதாம். தோல் உடைஞ்சாத்தான் விஷமாம். ஒரு மணி போதுமாம்," என்றான். பிறகு அடுப்படியில் இருந்த சிரட்டையைப் பார்த்தான். அதில் மிச்சம் குன்றிமணி கிடந்தது. "இது எதுக்கு இங்கே?"

பவளாயி சிரட்டையைப் பிடுங்கி வெளியே குழி தோண்டிக் கொட்டினாள். பேச்சியைத் தூக்கி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். பேச்சி அவள் விரலைக் கடித்துச் சிரித்தது. அதன் கையில் பழைய புளியங்கொட்டைக் கிலுகிலுப்பை. பவளாயி ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை. மற்ற மூன்று பிள்ளைகள்?

அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் கோப்பாயி மறித்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மோவாயில் கை வைத்தாள்.

"போறியே, போய் என்னன்னு சொல்லுவே? விஷத்தைக் குடுத்தேன்னா? நாளைக்கு உன்கிட்ட ஒரு ஈ பெட்டி வாங்குமா? நீ என்ன காசுக்கா வித்தே? கொசுறுதானே!"

"கொசுறுதான் அக்கா. ஆனா குடுத்தது என் கைதானே?" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

முதலில் செக்கடி. உடையாள் எண்ணெய்க் கையோடு வந்தாள். "கிலுகிலுப்பையா? என் பேரன் அதைச் சீண்டவே இல்லை. அவனுக்குக் கரண்டிதான் வேணும். அதோ பாரு!" என்றாள். செக்கு மாட்டின் கொம்பில் கிலுகிலுப்பை தொங்கிக்கொண்டிருந்தது. மாடு சுற்றச் சுற்றக் கிலுகிலு என்றது. பவளாயி கொம்பைப் பிடித்து அவிழ்த்தாள், மாட்டுக்கும் ஒரு முத்தம் கொடுத்தாள். உள்ளே ஏழும் இருந்தன. உண்மையைச் சொன்னாள். உடையாள் ஏசவில்லை. பேரனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்தது குயவர் தெரு. மருதாயி வீட்டில் நாலு பிள்ளைகள். கிலுகிலுப்பை நார் நாராகக் கிழிந்து முற்றத்தில் கிடந்தது.

"அது விஷம் மருதாயி! மணி எங்கே?" என்று பவளாயி கத்தினாள்.

பிள்ளைகள் மிரண்டன. மூத்தவள் உள்ளங்கையைத் திறந்தாள். ஐந்து. மற்ற இரண்டு? மருதாயி ஒவ்வொரு வாயாகப் பிளந்து பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். கடைக்குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சூளைப் பக்கம் கையைக் காட்டியது.

சூளை மேடையில், பிஞ்சு விரல் பதிந்த ஒரு மண் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். தொந்தி ஒருபக்கம், தும்பிக்கை ஒருபக்கம். முகத்தில் இரண்டு சிவப்புக் கண்.

மருதாயியும் பவளாயியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். "கண்ணைக் கழட்டினா சாமி கோவிச்சுக்கும்," என்றது கடைக்குட்டி. "கோவிச்சுக்காது கண்ணு, வேற கண்ணு வைப்போம்," என்று பவளாயி மிளகு இரண்டு வாங்கி வைத்துவிட்டு, மணிகளை முடிந்துகொண்டாள்.

மூன்றாவது அரண்மனை.

மாயாண்டி வழியிலேயே வந்து சேர்ந்துகொண்டான். கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏட்டி, அங்க மட்டும் போகாதே. அது ராஜா பிள்ளை. தங்கத்துலயும் தந்தத்துலயும் விளையாட்டுச் சாமான் இருக்கும். உன் ஓலையை யாரு தொடப்போறா? நீ போய்ச் சொன்னா உன் தலை தங்காது. இந்தப் புள்ளைக்கு நான் எங்கே போய் ஆத்தாவைத் தேடுவேன்? கொசுறுதானே!"

"கொசுறுதாங்க. ஆனா குடுத்தது என் கைதானே?" என்றாள் பவளாயி. அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள். மாயாண்டியும் கூடவே நடந்தான். கோட்டை வாசலில் அவனை நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவள் என்பதால் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள்.

பணிப்பெண் அரங்கி வந்தாள். "கொசுறை மாத்திக் குடுக்க வந்தியா? உலகத்துல உன்னை மாதிரி வியாபாரி உண்டா!" என்று சிரித்தாள். "இளவரசருக்கு அந்த ஓலைதான் வேணுமாம். தந்தக் கிலுகிலுப்பையை வீசிட்டாரு. அதை மார்ல வச்சுக்கிட்டேதான் தூங்கறாரு. மெதுவா உருவிக்கிட்டு வர்றேன், இரு."

உருவிக்கொண்டு வந்தாள். கூட்டின் ஒரு மூலை எச்சிலில் ஊறிக் கூழாகி, ஓட்டை விழுந்திருந்தது. பவளாயி ஆட்டிப் பார்த்தாள். சத்தம் சரியாக இல்லை. உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள்.

ஐந்து.

பவளாயி உண்மையைச் சொன்னதும் அரங்கிக்கு முகம் வெளுத்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள்.

"வாயைத் திறக்காதே. வாங்கிட்டு வந்தது நான். குடுத்தது நீ. ரெண்டு பேர் தலையும் போயிடும். அதை முடிஞ்சுக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடிடு. யாருக்குத் தெரியப்போகுது? கொசுறுதானே!"

பின்வாசல் திறந்துதான் இருந்தது. வெளியே தென்னந்தோப்பு, தோப்புக்கு அந்தப்பக்கம் வீடு. இடுப்பில் பேச்சி கிலுகிலுப்பையை ஆட்டியது. கிலுகிலு. ஏழு கொட்டை. சரியான சத்தம்.

பவளாயி பின்வாசலைப் பார்த்தாள். பிறகு அந்தப்புரம் இருக்கும் திசையைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ராணியம்மா! தொட்டிலைப் பாருங்க! புள்ளை வாயைப் பாருங்க!"

அப்புறம் நடந்ததைச் சொல்ல ஒரு வாய் போதாது. காவலர்கள் ஓடிவந்து அவளைத் தொட்டில் இருந்த அறைக்கு இழுத்துப்போனார்கள். ராணி ஓடிவந்தாள். ராஜா சபையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார். வைத்தியர் மூச்சிரைக்க வந்தார். தொட்டில் துணியை விலக்கிப் பார்த்தார்கள். துணி மடிப்பில் ஒரு குன்றிமணி கிடந்தது, தூங்குகிற பிள்ளையின் கன்னத்துக்கு அடியிலேயே. எடுத்துப் பார்த்தால் அதன் மேல் லேசாகப் பல் பட்ட தடம். உடையவில்லை. இளவரசனுக்குக் கீழே இரண்டே இரண்டு அரிசிப்பல்.

மற்றது? அறை முழுக்கப் பெருக்கினார்கள். இல்லை.

"உள்ளே போயிருக்கிறது," என்றார் வைத்தியர். "முழுசாகப் போயிருந்தால் முழுசாக வந்துவிடும். உடைந்து போயிருந்தால்..." அவர் பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பால் கொடுங்கள். பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெளியே வரும்வரை என்னால் ஒன்றும் சொல்ல முடியாது."

ராணி திரும்பினாள். பேச்சியின் கையிலிருந்த கிலுகிலுப்பையைக் காவலன் பிடுங்கி நீட்டினான். இடுக்கு வழியாக ராணி பார்த்தாள்.

"உன் பிள்ளைக்குப் புளியங்கொட்டை. என் பிள்ளைக்குக் குன்றிமணியா?" அவள் குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது.

பவளாயி தரையில் விழுந்தாள். "இது முன்னால செஞ்சது ராணியம்மா. அப்புறம் கொட்டை இல்லை. வறுத்துத் தின்னுட்டோம். அழகா இருக்குன்னு அந்த மணியைப் போட்டேன். விஷம்னு தெரிஞ்சு போடலை. நம்பலைன்னாலும் சரி. என்னை இங்கேயே வச்சுக்குங்க. மணி வர்றவரைக்கும் நான் போகமாட்டேன்."

ராஜா கையை ஓங்கினார். ராணி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இவள் இருக்கட்டும்," என்றாள். "என்னைப் போலவே உட்கார்ந்து பார்க்கட்டும்."

ஆக, அந்தக் குளிர்ந்த கல் தரையில் இரண்டு தாய்மார் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி பட்டு, ஒருத்தி கந்தல். பயம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. இளவரசன் கொட்டாவி விட்டால் இருவரும் எழுந்தார்கள். தும்மினால் இருவரும் எழுந்தார்கள். விக்கினால் இருவரும் ஒன்றாக "ஐயோ" என்றார்கள். நடுவே பேச்சி தவழ்ந்து போய், காவலன் காலடியில் கிடந்த தன் கிலுகிலுப்பையை எடுத்து இளவரசன் முன்னால் ஆட்டியது. இளவரசன் சிரித்தான். ராணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு பவளாயியைப் பார்த்தாள். தன் போர்வையின் ஒரு முனையை அவள் பக்கம் தள்ளினாள்.

பொழுது இருண்டது, பொழுது விடிந்தது.

விடிந்ததும், இளவரசனின் துணியை மாற்றி எடுத்துப்போன அரங்கி வெள்ளித் தாம்பாளத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு! முழுசா வந்துடுச்சு!"

தாம்பாளத்தில் என்ன இருந்தது என்று சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒருநாள் ஒரு பிள்ளை இருக்கும், அன்றைக்குத் தெரியும். வைத்தியர் கழுவி எடுத்தார். சிவப்பு உடம்பு, கறுப்புப் பொட்டு. ஒரு கீறல் இல்லை. ராஜா அதைப் பார்த்துவிட்டுத் தூணில் சாய்ந்து, மந்திரி முன்னால், தளபதி முன்னால், ஓவென்று அழுதார். அப்புறம் சிரித்தார். கோட்டை முரசு கொட்டியது. என்னவோ போரில் ஜெயித்துவிட்டோம் என்று ஊரே தெருவுக்கு வந்தது. வாசலில் இரவெல்லாம் நனைந்துகொண்டு நின்ற மாயாண்டிக்கு மட்டும் அது எந்தப் போர் என்று தெரியும்.

(அதற்காக நீங்கள் யாரும் குன்றிமணியை வாயில் போட்டுவிடாதீர்கள். கதையில் வந்தது வந்துவிட்டது. எல்லா வயிற்றிலும் அப்படி வராது.)

ராஜா கேட்டார்: "பெண்ணே, பின்வாசல் திறந்திருந்ததாமே. நீ ஓடியிருந்தால் தொட்டிலில் கிடந்த மணியை என் மகன் விழித்ததும் கடித்திருப்பான். ஏன் ஓடவில்லை?"

"ஓடத்தான் நினைச்சேன் மகராசா," என்றாள் பவளாயி. "காலும் திரும்பிடுச்சு. அப்போ என் மக கிலுகிலுப்பையை ஆட்டினா. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் எப்படி வீடு போய்ச் சேருவேன்?"

ராணி எழுந்து வந்தாள். "எனக்குப் பத்து ஓலைப்பெட்டி வேண்டும். பிள்ளைத்துணி வைக்க. என்ன விலையோ அதை வாங்கிக்கொள்." பிறகு, இரவு முழுக்க அழுத அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு குறும்பு எட்டிப்பார்த்தது. கையை நீட்டினாள். "கொசுறு?"

பவளாயி திரும்பிப் பார்த்தாள். பேச்சியின் புளியங்கொட்டைக் கிலுகிலுப்பை இளவரசன் வாயில் இருந்தது. பேச்சி இளவரசனின் தந்தக் கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அதான் இளவரசரே எடுத்துக்கிட்டாரே, ராணியம்மா," என்றாள்.

அந்த மழைக்காலம் முழுக்கப் பவளாயி வீட்டுப் பானை நிறைந்தே இருந்தது. செக்கடியிலும் குயவர் தெருவிலும் உடையாளும் மருதாயியும் பார்த்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார்கள். ஜனங்கள் கிலுகிலுப்பையைக் கொசுறாகக் கேட்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்தே கேட்டார்கள். ஒவ்வொன்றையும் பவளாயி இரட்டைப் பின்னலாக முடைந்து, புளியங்கொட்டை போட்டு, முதலில் தன் மகள் வாயில் கொடுத்து ஒரு பகல் முழுக்கக் கடிக்கவிடுவாள். பின்னல் பிரியாவிட்டால்தான் கழுவிக் காயவைத்துச் சந்தைக்கு எடுத்துப்போவாள். பக்கத்தில் முறம் விற்கிற கோப்பாயிதான், தன் முறத்தை மறந்துவிட்டு, ஊருக்கே கேட்கக் கூவுவாள்:

"வாங்கம்மா வாங்க! பேச்சி கடிச்ச கிலுகிலுப்பை! பேச்சி கடிச்ச கிலுகிலுப்பை!"

கண்ணுகளா, காசுக்கு விற்றதானாலும் சும்மா கொடுத்ததானாலும், நம் கையை விட்டுப் போன பொருளுக்கு நாமேதான் பொறுப்பு.